ஒளிக்காமல் நடக்கும் குற்றம்

"காலம் கெட்டுவிட்டது; குற்றம் பெருகிவிட்டது" என்ற பேச்சை அன்னவாசல் சந்தையிலே கேட்கலாம். அறந்தாங்கிப் பேருந்து நிலையத்திலே கேட்கலாம். கீரனூர் முடிதிருத்தகத்திலும் கேட்கலாம். சொல்பவர் பெருமூச்சு விடுவார். கேட்பவர் தலையை ஆட்டுவார். இருவரும் ஆளுக்கொரு தேநீர் குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவர். எந்தக் குற்றம் பெருகிற்று, எது குறைந்தது என்று கேட்பாரில்லை. எதைக் குற்றம் என்கிறோம், எதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை என்று கேட்பாரில்லை. அந்தக் கடையிலே குவளை எத்தனை வகை என்று கேட்பாரும் இல்லை.

கேட்கவேண்டும், தோழர்களே! பகுத்தறிவு பேசும் இயக்கத்திலே இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றால் வேறு யார் கேட்பார்கள்?

பிரெஞ்சு நாட்டிலே டர்கைம் என்றொரு பேராசிரியர் இருந்தார். 1858இல் பிறந்து 1917இல் மறைந்தவர். சமுதாயத்தை ஆராய்வதை ஒரு தனி அறிவியலாகவே வளர்த்தவர். 1893இலும் 1895இலும் வெளிவந்த தம் இரு நூல்களிலே, குற்றத்தைப்பற்றி அவர் சொன்ன கருத்துக்கள் அந்நாளிலே பலரைத் திடுக்கிட வைத்தன.

ஒரு செயல் குற்றமாக இருப்பதால் ஊரார் கொதிப்பதில்லை. ஊரார் கொதிப்பதால்தான் அது குற்றமாகிறது என்றார். ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பொது மனச்சாட்சி உண்டு. அதைப் புண்படுத்தும் செயலுக்குத்தான் குற்றம் என்று பெயர். குற்றமே இல்லாத சமுதாயம் உலகிலே கிடையாது. துறவிகள் மட்டுமே வாழும் மடத்திலும் குற்றம் இருக்கும். வெளியிலே நாம் சின்னத் தவறென்று விட்டுவிடுவதை அங்கே பெருங்குற்றமாகப் பேசுவார்கள். குற்றவாளியைத் தண்டிக்கும்போது தண்டிப்பவர்கள் தங்களுக்குள் நெருங்கிக்கொள்கிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னார்: இன்று குற்றவாளி என்று தண்டிக்கப்படுபவன், சில வேளைகளில், நாளைய நீதியை முன்கூட்டியே சொல்லவந்தவனாக இருப்பான். அதற்கு அவர் காட்டிய சான்று, ஏதென்சு நகரத்துச் சாக்ரடீசு.

சாக்ரடீசை நாடகமேடையிலே கண்டு கைதட்டிய இயக்கம் நம்முடையது. டர்கைம் சொன்ன மற்றவைகளுக்குச் சான்று தேட நாம் கிரேக்கத்துக்குக் கப்பலேற வேண்டியதில்லை. புதுக்கோட்டை மண்ணைக் கிளறினால் போதும்.

அரியணையும் கைரேகையும்

1799ஆம் ஆண்டு. திருக்களம்பூர்க் காட்டிலே கட்டபொம்மனைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றிலே அவன் தூக்கிலிடப்பட்டான். கும்பினியின் ஏட்டிலே அவன் கலகக்காரன்; வரி கட்டாத குற்றவாளி. 175 ஆண்டுகள் கழித்து, 1974இல், அவனுடைய பாஞ்சாலங்குறிச்சியிலே கலைஞர் அரசு நினைவுக்கோட்டை எழுப்பிற்று. செயல் ஒன்றுதான். பெயர் சூட்டியவர்கள்தான் மாறினார்கள்.

சரி, அது மன்னர் காலத்துக் கதை என்று ஒதுக்கலாம். நம் பாட்டன் காலத்துக்கு வருவோம்.

1871இல் வெள்ளை அரசு ஒரு சட்டம் செய்தது. அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். முதலிலே வடக்கே பாய்ந்தது. 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டத்துக்கு அடியிலே கிடந்த வாதம் என்ன தெரியுமா? தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான். ஆகவே திருடன் மகன் திருடனாகத்தான் ஆவான் என்ற வாதம்! சீமையிலே சட்டம் படித்தவர்கள் இங்கே வந்து மனுவிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். பிறப்பினாலே ஒருவன் உயர்ந்தவன் என்று சொல்லும் வாய்தான் பிறப்பினாலே ஒருவன் குற்றவாளி என்றும் சொல்லும். 1953இல் அப்பன் தொழிலை மகனுக்குக் கற்பிக்கும் குலக்கல்வித் திட்டம் வந்தபோது இந்த இயக்கம் ஏன் சீறி எழுந்தது என்று கேட்கும் இளைஞர்கள், இந்தச் சட்டத்தின் வரலாற்றைப் படிக்கட்டும்.

அந்தச் சட்டத்தின்கீழ் மதுரைச் சீமையின் பிறமலைக் கள்ளர்கள் பட்டியலிலே ஏற்றப்பட்டார்கள். ஆண்மக்கள் விரல்ரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். இரவிலே சாவடியிலோ காவல் நிலையத்திலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். அந்த மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்லி வெறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை கொடுக்க மறுத்துத் திரண்டார்கள். துப்பாக்கி பேசிற்று. 16 உயிர்கள் பலியாயின. அவர்களில் ஒருத்தி மாயக்காள் என்ற பெண்.

அதே காலத்திலே புதுக்கோட்டையிலே என்ன காட்சி? இங்கே அரியணையில் இருந்தது கள்ளர் குலத்துத் தொண்டைமான் மரபு. அவர்களுக்கு வெள்ளை அரசு பீரங்கி முழக்கி மரியாதை செய்தது. கள்ளர் என்ற பெயர் தாங்கிய மக்களிலே பிரிவுகள் பல உண்டு. ஊர்கள் வேறு, வழக்கங்கள் வேறு. ஆனாலும் பெயர் ஒன்றுதான். ஒரு பக்கம் அந்தப் பெயருக்குச் சிம்மாசனம். இன்னொரு பக்கம் அதே பெயருக்குச் சாவடித் திண்ணை. குற்றம் இரத்தத்திலே ஓடுவது உண்மையானால், இரத்தம் புதுக்கோட்டையிலே ஒரு மாதிரியும் உசிலம்பட்டியிலே வேறு மாதிரியும் ஓடுமா? ஓடாது. பேனா எவன் கையில் இருந்ததோ அவன் குற்றவாளியைத் தேர்ந்தெடுத்தான். தனக்கு உதவியவனுக்கு விருது; தனக்கு அடங்காதவனுக்கு ரேகை.

சென்னை மாகாணத்திலே அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் ஒழிந்தது. குற்றப் பரம்பரை என்று சூடு போடப்பட்டவர்கள் சீர்மரபினர் என்று பெயர் பெற்றார்கள். ஆனால் பெயர் மாறிய வேகத்திலே மனம் மாறவில்லை. சட்டம் செத்து 72 ஆண்டுகள் ஆன பிறகும், நம் நாட்டுச் சிறை விதிகளிலே அந்தச் சாதிகள்மேல் பழைய சந்தேகம் பதுங்கியிருந்தது. சாதியைப் பார்த்துக் கைதிகளுக்கு வேலை பிரிக்கும் விதிகளும் இருந்தன. சமையல் ஒரு சாதிக்கு. கக்கூசு கழுவுவது இன்னொரு சாதிக்கு! 2024 அக்டோபர் 3ஆம் நாள்தான் உச்ச நீதிமன்றம் அவைகளைச் செல்லாதென்று அறிவித்தது. தோழர்களே, எண்ணிப் பாருங்கள்: சிறைக்குள்ளே போனாலும் சாதி கூடவே போகிறது.

பொட்டு எப்போது குற்றமாயிற்று?

குற்றமில்லாதவர்களைக் குற்றவாளிகளாக்கிய கதை இது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கொடுமை ஒன்று வழக்கம் என்ற பெயரிலே நூற்றாண்டுகளாக மாலை மரியாதையோடு நடந்துவந்து, பிறகு ஒருநாள் குற்றம் என்ற பெயர் பெற்ற கதை. அதற்கும் இந்த மண்ணே சாட்சி.

1886இல் புதுக்கோட்டையிலே ஒரு பெண் பிறந்தார். தாயார் தேவதாசிக் குலம் என்று சொல்லப்பட்ட குலத்திலே வந்தவர். பெண்பிள்ளை கல்லூரிக்கு வரலாமா என்று கூச்சல் எழுந்த காலத்திலே, மன்னர் கல்லூரியிலே நுழைந்த முதல் மாணவி அவர். மருத்துவம் படித்தார், சென்னைச் சட்டமன்றத்திலே துணைத் தலைவராக அமர்ந்தார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

சிறுமியின் கழுத்திலே பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்க வேண்டும் என்று அவர் 1927இல் மன்றத்திலே குரல் எழுப்பினார். கலை என்றார்கள், மரபு என்றார்கள், சாத்திரம் என்றார்கள். எதிர்த்தவர்களிலே ஒருவர் சத்தியமூர்த்தி. அவரும் இந்தச் சீமையிலே, திருமயத்திலே பிறந்தவர்தான். ஒரே மண்ணிலே பிறந்த இருவர்: ஒருவருக்கு அது மரபாகத் தெரிந்தது, மற்றவருக்கு அது குற்றமாகத் தெரிந்தது. அந்தக் குலத்துப் பெண்ணின் கண்ணீரை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவருக்கு அது குற்றமாகத் தெரிந்ததில் வியப்பென்ன? தன்மான இயக்கமும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஊர் ஊராகப் பேசினார்கள். இருபது ஆண்டுகள் உருண்டோடின. 1947இல் பொட்டுக் கட்டுவது சட்டப்படி குற்றமாயிற்று. 1989இல் கழக அரசு, மகப்பேறு உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையும், திருமண உதவித் திட்டத்துக்கு மூவலூர் அம்மையாரின் பெயரையும் சூட்டிற்று.

இதைப்போலவே, 1924இல் வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருவில் தாழ்த்தப்பட்டவர் நடப்பது குற்றம். அதற்காகப் போராடிய பெரியாரை அருவிக்குத்தியிலும் திருவனந்தபுரத்திலும் சிறையிலே பூட்டினார்கள். இன்று அங்கே அவருக்கு நினைவகம். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்ப்பது குற்றம். அதற்காகச் சிறைப்பட்டு 1939இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அன்று கைதிகள். இன்று அவர்கள் பெயரிலே எழும்பூரில் அரசு மாளிகை நிற்கிறது. டர்கைம் சொன்ன நாளைய நீதி என்பது இதுதான்.

ஆகவே, சட்டம் சொன்னால் குற்றம், சொல்லாவிட்டால் குற்றமில்லை என்று நம்மால் இருந்துவிட முடியாது. குற்றமல்லாததைக் குற்றம் என்று சட்டம் சொன்னதைப் பார்த்தோம். குற்றத்தை வழக்கம் என்று சட்டம் நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதுதான் இன்றைக்கு நம்மைச் சுடவேண்டியது: சட்டம் குற்றம் என்கிறது, ஊர் அதைக் குற்றம் என்று உணரவில்லை.

வேங்கைவயல் சொன்னது

2022 டிசம்பர் 26. அன்னவாசல் ஒன்றியம், முட்டுக்காடு ஊராட்சி, இறையூரை ஒட்டிய வேங்கைவயல். சிறியதொரு ஆதிதிராவிடர் குடியிருப்பு. பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையிலே சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியிலே ஏறிப் பார்த்தார்கள். 10,000 லிட்டர் கொள்ளும் அந்தத் தொட்டியிலே மனித மலம்!

நாடே அதிர்ந்தது. அதிரவேண்டியதுதான். அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் மறுநாள் ஊருக்குப் போனார்கள். தொட்டியைப் பார்க்கப் போன இடத்திலே வேறு இரண்டும் வெளிவந்தன. அந்த மக்களுக்கு ஐயனார் கோயிலுக்குள் வழியில்லை. தேநீர்க் கடையிலே அவர்களுக்குத் தனிக் குவளை. ஆட்சித் தலைவர் அவர்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள்ளே போனார். குவளையைப் பிரித்ததற்காகக் கடைக்காரர்மேல் வழக்குப் பாய்ந்தது.

தொட்டி வழக்கு 2023 ஜனவரியிலே மாநிலக் குற்றப்பிரிவுக் காவல்துறைக்குப் போயிற்று. மரபணுச் சோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியிலே, அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மேலேயே குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வு வேண்டும் என்றார்கள். தோழமைக் கட்சிகள் சிலவும் அதையே கேட்டன. கலந்தவர் யார் என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். பத்திரிகைக்காரன் பேனாவால் தீர்ப்பெழுதினால் அதுவும் ரேகைச் சட்டம்தான். அதை இந்தப் பத்தி செய்யாது.

ஆனால், தோழர்களே, குவளைக்குத் தீர்ப்பு எதற்கு? தொட்டியில் மலம் கலந்தவர் யாராயினும், பிறர் கண்ணுக்குத் தெரியாமல்தான் அதைச் செய்தார். ஏன் மறைத்தார்? வெளியே தெரிந்தால் ஊர் காறித் துப்பும் என்று அவருக்குத் தெரியும். குவளையைப் பிரித்து வைத்ததோ விடிந்தும் விடியாத நேரத்திலே, தெருவைப் பார்த்த கடையிலே, பத்துப்பேர் அமர்ந்திருக்கும்போது! ஏன் மறைக்கவில்லை? யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள் என்று தெரியும். கோயில் வாசலிலே தடுத்தவர்களும் அப்படித்தான். முகத்தை மூடிக்கொண்டா தடுத்தார்கள்?

ஒரு சமுதாயத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஒளித்துச் செய்யப்படும் குற்றம், செய்தவனைப்பற்றிச் சொல்கிறது. ஒளிக்காமல் செய்யப்படும் குற்றம், பார்த்துக்கொண்டிருக்கும் ஊரைப்பற்றிச் சொல்கிறது.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 1950இலேயே அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 1955இலே தண்டனைச் சட்டம் வந்தது. 1989இலே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1955லிருந்து 2022 வரை 67 ஆண்டுகள். ஊரிலே ஒரு குலை தேங்காய் திருடு போனால் அன்று மாலையே ஊர் கூடுகிறது; ஆடு காணாமல் போனால் விடியும்முன் காவல் நிலையத்துக்கு ஆள் போகிறது. குவளை இரண்டாயிருந்த செய்திக்கு, ஆட்சித் தலைவர் வந்து நிற்கும் வரையிலே வழக்கில்லை. சட்டப் புத்தகத்திலே குற்றம். ஊர் மனச்சாட்சியிலே அது குற்றமில்லை. டர்கைம் சொன்ன பொது மனச்சாட்சி இங்கே யாருடைய மனச்சாட்சி? ஊர் என்று சொல்லும்போது சேரியை விட்டுவிட்டல்லவா சொல்கிறோம்! பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு மீதிப் பேர் கூடிக் கொதிப்பதற்குப் பொது மனச்சாட்சி என்று எப்படிப் பெயர் வைப்பது?

அந்த அரைகுறை மனச்சாட்சி சும்மா இருப்பதும் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு குற்றப் பட்டியல் வைத்திருக்கிறது. சாதி விட்டுச் சாதி காதலிப்பது அதன் பட்டியலிலே கொலைக்குற்றம். 2016 மார்ச்சிலே உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலிலே, பலர் பார்க்க ஒரு தாழ்த்தப்பட்ட இளைஞனை வெட்டிச் சாய்த்தார்களே; அதற்கும் இந்தக் குவளைக்கும் வேர் ஒன்றுதான். வெட்டுவதை நியாயம் என்று பேசுபவர்கள், தங்களைக் குற்றவாளி என்று நினைப்பதில்லை. குற்றத்தைத் தண்டித்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்டனை, தண்டிப்பவர்களை ஒன்றுசேர்க்கும் என்று டர்கைம் சொன்னது இங்கேயும் பலிக்கிறது. அப்படிப்பட்ட கொலைக்குப் பிறகு சாதிச் சங்கத்துக்குக் கூட்டம் சேருகிறதே, பார்க்கவில்லையா?

அப்படியானால் திருடனை விட்டுவிடுவதா?

தேநீர்க் கடைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "குற்றம் என்பதே ஆள் வைத்த பெயர் என்றால், வழிப்பறிக்காரனை என்ன செய்வது? மாலையிட்டு வரவேற்பதா?"

இல்லை, ஐயா. உழைத்துச் சேர்த்த காசைப் பறிகொடுத்தவனுக்குத் தத்துவம் ஆறுதல் தராது. சித்தாள் வேலை செய்து வாங்கிய தாலிச்சரட்டை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும், தண்டிக்கத்தான் வேண்டும். குற்றம் எந்தச் சமுதாயத்திலும் இருக்கும் என்று சொன்ன அதே டர்கைம், அளவு மீறிப் பெருகினால் அது நோய் என்றும் சொல்லியிருக்கிறார். நோயென்றால் காய்ச்சலை மட்டும் பார்த்தால் போதாது, கிருமியைப் பார்க்கவேண்டும்.

1938இலே அமெரிக்காவிலே மெர்ட்டன் என்ற அறிஞர் இதைத் தொட்டுக் காட்டினார். பணம் சேர், மாடி கட்டு, கார் வாங்கு என்று எல்லோருக்கும் ஆசை காட்டிவிட்டு, அங்கே போகும் பாதையைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால், மீதிப் பேரிலே சிலர் வேலி தாண்டத்தான் செய்வார்கள் என்றார். அடுத்த ஆண்டே சதர்லாந்து என்ற இன்னொரு அறிஞர், வெள்ளைச் சட்டைக்காரன் பேனாவாலே செய்யும் திருட்டையும் குற்றக் கணக்கிலே சேருங்கள் என்று கேட்டார். வங்கியிலே கோடி கோடியாகக் கடன் வாங்கிக் கப்பலேறியவனுக்குப் பத்திரிகையிலே தொழிலதிபர் என்று பட்டம். கடையிலே ஒரு படி அரிசி எடுத்தவனுக்குத் திருடன் என்று பெயர். இரண்டும் களவுதான். ஒன்றைச் சமுதாயம் பார்த்துக் கொதிக்கிறது. மற்றதைப் பார்த்து வாய்பிளக்கிறது.

சிறைக் கணக்கைப் பார்த்தால் இன்னும் விளங்கும். 2022ஆம் ஆண்டு இறுதியிலே இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். நான்கிலே மூன்று பங்கு! குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிபதியும் சொல்லாதவர்கள். பிணைக்கு ஆளில்லாதவனும் வக்கீலுக்குக் காசில்லாதவனும் உள்ளே கிடக்கிறான். அவன் செய்திருக்கலாம், செய்யாதிருக்கலாம். வறுமைக்குத் தண்டனை மட்டும் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது.

நம் வேலை எது?

எதிரிகள் வேங்கைவயலைச் சொல்லும்போதெல்லாம், உங்கள் ஆட்சியிலே நடக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டுப் பழகிவிட்டோம். மேடைக்கு அது பதிலாகலாம். வேங்கைவயலில் தண்ணீர் குடித்த குழந்தைக்கு அது பதிலாகுமா? 2021இலே அமைந்த கழக அரசின் காலத்திலேதான் அது நடந்தது. பெரியார் பிறந்த நாட்டிலே, அண்ணா ஆண்ட நாட்டிலே, சமத்துவபுரம் கண்ட நாட்டிலே நடந்தது. அதைச் சொல்ல நாம் கூசினால், ஒளிக்காமல் செய்தவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவன் கூசாமல் செய்தான்; நாம் கூசிப்போய் வாய்மூடினோம் என்றாகிவிடும்.

அரசு செய்யவேண்டியது ஒன்று. நாம் செய்யவேண்டியது வேறொன்று. சட்டம் போட அரசால் முடியும். காவலரை அனுப்ப முடியும். ஊரின் மனச்சாட்சியை மாற்றுவதற்கு அரசாணை கிடையாது. அது இயக்கத்தின் வேலை. ஒரே தெருவிலே வாழ்ந்தால் மனம் மாறும் என்று நம்பித்தான் கலைஞர் 1997இலே சமத்துவபுரத்தை அறிவித்தார். 100 வீடு, அதிலே 40 தாழ்த்தப்பட்டவர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டவர்களுக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு, 10 மற்றவர்களுக்கு. எல்லோரும் அருகருகே குடியிருக்க வேண்டும் என்பதே திட்டம். நாட்டிலுள்ள ஊர்களையெல்லாம் அரசு இடித்துக் கட்ட முடியாது. இருக்கிற ஊரை அந்த ஊராக ஆக்கவேண்டியவன் கிளைச் செயலாளர்.

கறுப்பு சிவப்புக் கரைவேட்டி கட்டிய தோழர் ஒவ்வொருவரும் தம் ஊரிலே இவைகளைப் பார்த்து எழுதட்டும். தேநீர்க் கடையிலே குவளை ஒன்றா, இரண்டா? முடிதிருத்தகத்திலே எல்லோருக்கும் நாற்காலி உண்டா? கோயில் வாசலிலே நிற்பவர் யார், உள்ளே போகிறவர் யார்? சுடுகாட்டுக்குப் போகும் பாதையிலே யார் பிணத்துக்குத் தடை? சத்துணவுக் கூடத்திலே பிள்ளைகள் எப்படி அமர்கிறார்கள்? இதற்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. கண் திறந்திருந்தால் போதும். ஒரே காலையிலே பார்த்து முடித்துவிடலாம்.

பார்த்ததை வைத்து என்ன செய்வது? முதலிலே பேசுங்கள். குவளையைப் பிரித்து வைத்திருக்கும் கடைக்காரர் நமக்கு மாமன் முறையாக இருப்பார், அண்ணன் முறையாக இருப்பார், கட்சிக்காரராகவும் இருப்பார். அங்கேதான் நமக்குச் சோதனை. உறவுக்காரன் கடையிலே, "அண்ணே, எனக்கும் அந்தக் குவளையிலேயே ஊற்றுங்கள்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவிருக்கிறது? பத்துப்பேர் நாள்தோறும் அப்படிக் கேட்டால் குவளைகள் ஒருவாரத்திலே ஒன்றாகிவிடும். பேச்சுக்கு அசையாதவர்மேல் எழுத்திலே புகார் கொடுங்கள். வன்கொடுமைச் சட்ட வழக்கை விசாரிக்கத் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலே அதிகாரி வரவேண்டும் என்று விதி இருக்கிறது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும் என்றும் விதி இருக்கிறது. கூடுகிறதா என்று கேளுங்கள். கூடாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். ஆட்சி யாருடையதாக இருந்தாலும் கேளுங்கள்.

ரேகை கொடுத்த பாட்டன்களின் பேரப்பிள்ளைகள் இந்த இயக்கத்திலே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பிறப்பைக் காட்டி ஒருவனைச் சாவடித் திண்ணையிலே படுக்கவைத்தால் எப்படி வலிக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த வலி தெரிந்த வீட்டிலிருந்து இன்னொருவனுக்குத் தனிக் குவளை நீட்டப்படலாமா? பெருங்காமநல்லூரிலே குண்டடி பட்டுச் செத்தவர்களுக்கு ஆண்டுதோறும் மலர் வைக்கிறோம். பிறப்பிலே குற்றமில்லை என்று சொல்லிச் செத்தவர்கள் அவர்கள். அந்தச் சொல் நமக்கு மட்டும் பொருந்தும், பக்கத்துத் தெருவுக்குப் பொருந்தாது என்றால், நாம் வைக்கும் மலருக்குப் பொருளில்லை.

நாளை காலை தேநீர்க் கடைக்குப் போகும்போது, "குற்றம் பெருகிவிட்டது" என்று யாராவது பெருமூச்சு விட்டால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கடைக்குள்ளே எட்டிப் பாருங்கள். அங்கே மாட்டியிருக்கும் குவளைகளை எண்ணுங்கள். இரண்டு வகை இருந்தால், அந்தப் பேச்சை அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே தொடங்குங்கள்.